அந்த இரைச்சலைத் துடைக்க வேண்டாம், மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, கோவிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

எங்கள் பழைய பதிவுகளைக் கசெற்றாக வெளியிடுவதற்கென்று உன் நண்பர் இரைச்சலைத் துடைத்து, நீ அனுப்பிய ஒலிக்கோப்புகளை நேற்று இரவு மூன்று தரம் கேட்டேன். லைற்றை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டேன். உன்னுடைய நண்பர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று விளங்குகிறது. 1987 இல் பதிந்தது நேற்றுப் பதிந்தது போல இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் என் பழைய கசெற்றுகளோடு இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அவருக்கு என் நன்றியைக் கட்டாயம் சொல்.

ஆனால் மகள், வயலின் மாமா வாசித்த துண்டில் கடல் இல்லாமல் போய்விட்டது.

போனில் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ வேலைக்கு ஓடுகிற நேரம். அரைகுறையாகச் சொன்னால் உன் வேலையைக் குறை சொல்வது போலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நாலைந்து நாளாக விட்டுவிட்டு எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

மற்றது, அட்டைப்படம். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே ‘பரிசோதனை இசைக் கலைஞர்’ என்று எழுதியிருக்கிறாய். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடமும் காட்டினேன். ஆனால் நூறு கசெற்றும் என் பெயரில் மட்டும் வெளிவந்தால் மூன்று பேருடைய முகத்தில் நான் முழிக்க ஒண்ணாது. அதில் ஒருவர் இப்போது உயிரோடும் இல்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் இதை இசை என்று சொன்னதே இல்லை. ‘சத்தம் பிடிக்கப் போறோம்’ என்றுதான் சொல்வோம், ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவது போல. தூண்டில்காரன் தனியாகப் போகலாம். வலைக்கு ஆள் வேண்டும். எங்களுடையது வலை.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான். 1982 இல் பெரியப்பா குவைத்திலிருந்து ஒரு நஷனல் டூ-இன்-வன் (ரேடியோவும் கசெற் ரெக்கோடரும் ஒன்றான பெட்டி) கொண்டுவந்தார். ஊரே அதில் படப்பாட்டுக் கேட்டது. நான் அதில் பதிகிற சிவப்புப் பொத்தானைத்தான் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முந்தி 78 சூறாவளி அடித்த இரவில் கூரைத் தகரம் பிய்ந்து போன சத்தம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை இன்னொருவருக்குச் சொல்லிக் காட்ட என்னிடம் வார்த்தை இல்லை. இந்தப் பெட்டி அன்றைக்கு இருந்திருந்தால் பிடித்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது. முதலில் பிடித்தது கிணற்றுக் கப்பி. அடுத்தது கல்லடிப் பாலம். 1924 இல் கட்டிய இரும்புப் பாலம், லொறி ஏறினால் ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரைக்கும் அதிரும். பாலத்துக்குக் கீழே தோணியில் இருந்துகொண்டு அதைப் பிடித்தேன்.

அதைக் கொப்பி எடுக்கத்தான் காக்காவின் கடைக்குப் போனேன். இங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், எனக்கும் அவர் அப்படித்தான்.

நீ அவரை வெற்றிலைப் பையோடு வருகிற கிழவனாகத்தான் பார்த்திருக்கிறாய். அப்போது அவருக்கு முப்பது வயதும் இல்லை. டவுனில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தார், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து போவார். ஆட்கள் கொப்பித்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுப்பார்கள். இளையராஜா பாட்டுத்தான் முக்கால்வாசி, இடையில் நாகூர் ஹனிபா. காக்கா அந்த வரிசைப்படி பதிந்து கொடுப்பார். என்னுடைய பாலத்தைப் போட்டுக் கேட்டார். முழுதாக, ஒரு பக்கம் முப்பது நிமிஷமும் கேட்டார். கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும், “தம்பி, இதில நடுவில ஒரு சைக்கிள் போகுது, அது ஆருக்கா?” என்று கேட்டார். எனக்கே கேட்காத சைக்கிள் அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேட்கிற ஆள் கிடைத்தார்.

காக்கா செய்த ஒரு வேலையை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு வரிசை முடிந்த பிறகு கசெற்றின் பக்கத்தில் ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம் மிஞ்சும். இன்னொரு பாட்டுக்குப் போதாது. மற்றக் கடைக்காரர்கள் அதை வெறுமையாக விடுவார்கள். காக்கா அந்த மிச்சத்தில் நாங்கள் பிடித்த சத்தத்தைப் போட்டுவிடுவார். கப்பி, பாலம், மருதமுனைத் தறி. ஆரையம்பதியிலோ ஏறாவூரிலோ ஒரு வீட்டில் படப்பாட்டுக் கசெற் முடிகிற நேரம், யாரும் எதிர்பாராமல் இரண்டு நிமிஷம் எங்கள் கப்பி சுற்றும். ரேப் பழுது என்று திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஒரு பெண் பிள்ளை வந்து, கடைசியில் வருகிற அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாளாம். அதைச் சொல்ல அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தறி என்று சொன்னேன். காக்காவின் உம்மாவின் சொந்தக்காரர்கள் மருதமுனையில் நெசவு. ஒரு நாள் விடியக் கல்முனை பஸ்ஸில் போய் இறங்கினோம். ஒரு கொட்டிலுக்குள் மூன்று தறி. ஒவ்வொன்றும் தன்பாட்டில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே அடியாக விழும், மறுகா மெல்ல மெல்ல விலகிப் போகும். நெய்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நாங்கள் இருவரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்தது எப்போது சேரும் என்று மூச்சைப் பிடித்தபடி நின்றோம். இரண்டாவது கோப்பில் இருப்பது அதுதான். அதில் உன் நண்பர் கை வைக்கவே இல்லை, நல்லது.

வயலின் மாமாவைக் காக்காதான் கூட்டி வந்தார். கடையின் தட்டு ராக்கையெல்லாம் செய்தது அவர். டச்பார்க் கடற்கரைப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர், தச்சு வேலை. கலியாண வீடுகளில் கபரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார். அவருடைய வீட்டில் பறங்கிப் பாஷை, எங்களோடு மட்டக்களப்புத் தமிழ். எங்களுடைய கசெற்றைக் கேட்டுவிட்டு, “ரேப்பை வெட்டி ஒட்டினால் என்ன நடக்கும்?” என்று கேட்டார். மரம் வெட்டி ஒட்டுகிற ஆளுக்கு வருகிற கேள்விதானே.

அந்த வேலையை நீ கையால் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். ஐந்து திருகாணி வைத்த கசெற்றாகப் பார்த்து எடு, ஒட்டி மூடினது சரிவராது. திறந்து உள்ளே இருக்கிற ரேப்பை எடுத்துவிடு. கசெற்றில் ரேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். எங்களுக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. ஒரு சாணும் ஒரு விரலும் வைத்து வெட்டினால் ஐந்து விநாடி. பிளேடால் சரிவாக வெட்டு, நேராக வெட்டினால் ஒட்டில் ‘டக்’ என்று அடிக்கும். இரண்டு நுனியையும் சேர்த்துப் பின்பக்கம் மட்டும் செலோரேப் ஒட்டி, மிஞ்சினதை மயிரிழை விடாமல் சீவு. வளையமாக உள்ளே போட்டு மூடினால் அந்த ஐந்து விநாடியும் நீ நிறுத்தும் வரைக்கும் சுற்றும். எங்கள் வெயிலுக்குப் பசை இளகி வெளியே வரும், அரைமணித்தியாலத்துக்கு மேல் நில்லாது. வயலின் மாமாவின் ஒட்டு மட்டும் நாள்கணக்கில் நிற்கும். ஒட்டுகிறபோது மூச்சு விடமாட்டார். அந்தத் தடித்த விரல்களால் எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

நாலாவது ஆள் வாவியின் மேற்குக் கரை, படுவான்கரை. உனக்குத் தெரிந்த மத்தள மாமாதான். அவருடைய அப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், வடமோடிக் கூத்துக்கு அவர் பிடிக்கிற தாளத்தைக் கேட்க அயலூரிலிருந்தும் வருவார்கள். மாமா எங்களோடு சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “களரியில அடிக்கிறதப் பெட்டிக்குள்ள போட்டு என்ன செய்யப் போற?” என்று கேட்டாராம். மண்முனைத்துறையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி, அதிலிருந்து சைக்கிளில் போய் அவருடைய வளவில் பதிந்தோம். கரண்ட் இல்லை. பற்றரி இறங்கிக்கொண்டு போனது எங்களுக்குத் தெரியவில்லை. பற்றரி இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். அதில் பதிந்ததைப் புதுப் பற்றரியில் போட்டால் வேகமாக ஓடும். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் மத்தளம் தகரத்தில் மழை விழுவது போலப் பறக்கிறது, அண்ணாவியாரின் குரல் சின்னப் பையனுடைய குரலாகி இருக்கிறது. நாங்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டோம். வெளிநாட்டுக்குப் போன கசெற்றிலும் அப்படியே போனது.

உன் நண்பர் அதன் வேகத்தைச் சரிசெய்திருக்கிறார். முதலில் எனக்கு அதுவும் மனம் ஒப்பவில்லை. போன கிழமை மத்தள மாமா மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வந்தார் (2014 இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு பாதைக்குக் காத்திருக்கிற வேலை இல்லை), அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பாவின் உண்மையான குரல் வந்ததும் கையைக் கூப்பிவிட்டார். இத்தனை வருஷமாக அவருடைய அடி பிழையாகத்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது, சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் அந்தத் துண்டை நீங்கள் செய்தபடியே விடு. அதில் அவர் சொல்வதுதான் சட்டம்.

வெளிநாட்டுக்குப் போன கசெற் என்று சொன்னேனே. அமெரிக்காவின் ஒகாயோ மாநில நண்பரைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஒரு பத்திரிகையின் பேனா நட்புப் பக்கத்தில் முகவரி கிடைத்தது. ‘ஒலி சேகரிப்பு’ என்று போட்டிருந்தார். நான் பாலத்தை அனுப்பினேன். போய்ச்சேர மூன்று கிழமை. பதிலாக ஒரு சி-60, அறுபது நிமிஷக் கசெற், வந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர், தன்னுடைய குசினியில் பதிந்தது. பழுதான ரேடியோவும் தண்ணீர்ப் பானையும் கிற்றாரும் ஒன்றாக. அட்டையைக் கையால் வரைந்து, பின்னால் தன் முகவரியை எழுதி, ‘விருப்பமென்றால் கொப்பி எடுத்து யாருக்கும் கொடுங்கள்’ என்று போட்டிருந்தார்.

அவருடைய கடிதங்களால்தான் எங்களைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. அமெரிக்காவில், பெல்ஜியத்தில், ஜப்பானில் எல்லாம் வீட்டு அறையில் இருந்து பதிந்து, தபாலில் மாற்றிக்கொள்கிறவர்கள். கம்பனி இல்லை, கடை இல்லை, காசும் இல்லை. நீ ஒன்று அனுப்பு, நான் ஒன்று அனுப்புகிறேன், அவ்வளவுதான். ஒலிம்பியா என்ற ஊரிலிருந்து வந்த ‘ஒப்’ என்ற சஞ்சிகையின் பழைய இதழ் ஒன்றை அனுப்பியிருந்தார். 1979 இல் தொடங்கி, இங்கிலீஷ் எழுத்துகளின் வரிசையில் இதழுக்கு ஓர் எழுத்தாக 26 இதழ் போட்டுவிட்டு 1984 இல் நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டுக் கசெற்றுகளைப் பற்றி எழுத அதில் தனிப் பகுதியே இருந்தது. காக்கா அந்த இதழைக் கடையின் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார்.

ஒரு கசெற்றை ஆயிரம் பேருக்கு என்று நாங்கள் செய்யவில்லை, மகள். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குத்தான். இது ஒகாயோவுக்கு, அது காக்காவுக்கு. யார் கேட்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டு பதிவோம். காக்காவுக்குப் பின்னால் போகிற சைக்கிள் பிடிக்கும் என்று தெரிந்தால் மைக்கைத் தெருப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பேன்.

குரவைக் கசெற்றை (குலவை என்றும் சொல்வார்கள்) ஒகாயோ நண்பருக்கென்றே செய்தோம். கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கில் படுவான்கரைப் பெண்கள் இட்ட குரவை ஒன்று. காத்தான்குடியில் காக்காவின் தங்கச்சியின் கலியாணத்தில் பெண்கள் இட்ட குரவை மற்றது. அழிக்கிற ஹெட்டின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டிவிட்டால் பழைய சத்தம் அழியாது, புதிது அதற்கு மேல் ஏறும். முந்தினது கொஞ்சம் மங்கும். அப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினோம். எது அம்மன் கோவில், எது கலியாண வீடு என்று எங்களாலேயே பிரிக்க முடியவில்லை. காக்காவின் உம்மா கேட்டுவிட்டு, இரண்டும் தங்களுடைய ஆட்கள்தான் என்று அடித்துச் சொன்னார்.

அதற்கு வந்த பதிலில் ஒகாயோ நண்பர் ஓர் ஆளைப் பற்றி எழுதியிருந்தார். ஹலீம் எல்-தாப் என்ற எகிப்தியர், அவருடைய மாநிலத்திலேயே கென்ற் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். 1944 இல், ரேப் எல்லா இடமும் பரவுவதற்கு முதல், கம்பியில் பதிகிற கருவியை எடுத்துக்கொண்டு கெய்ரோவில் பெண்கள் பேயோட்டுச் சடங்கில் பாடியதைப் பிடித்து, வானொலி நிலையத்தில் எதிரொலி அறையில் விட்டு மாற்றினாராம். பாரிசில் பியர் ஷெஃபர் ரயில் சத்தத்தை வைத்துச் செய்ததுதான் முதல் என்று சொல்வார்கள், அது 1948 இல். காக்கா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தரம் வாசித்துச் சொல்ல வைத்தார். “பாத்தியா, பொம்பிளையள்ற சத்தத்திலதான் தொடங்கியிருக்கு” என்றார்.

எங்கள் வாவியில் பௌர்ணமி இரவில் தண்ணீருக்குள் கேட்கிற மீன் பாட்டைப் பற்றி எழுதாமல் விட முடியாது, நீ பின்குறிப்பில் ‘வாவியில் பதிந்தது’ என்று பிழையாகப் போட்டிருக்கிறாய்.

1986 வைகாசிப் பௌர்ணமி. மைக்கைப் பலூனுக்குள் போட்டு, சைக்கிள் ரியூப்பை வெட்டி வாயைக் கட்டி, பாலத்துக்குக் கிட்டத் தோணியிலிருந்து இறக்கினோம். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே இருந்த லாங் பாதர் எங்களுக்கு முன்னமே அந்தப் பாட்டைப் பதிந்து இலங்கை வானொலியிலும் போயிருக்கிறது, எங்களால் முடியாதா என்று ஒரு வைராக்கியம். முக்கால் மணித்தியாலம் பதிந்தோம். வந்தது பலூன் தோணியில் உரசுகிற சத்தம் மட்டும்தான். ஆனால் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தபோது கேட்டது, மகள். நாலு பேரும் மாறி மாறி வைத்தோம். மத்தள மாமா தாளம் பிடிக்கிற ஆள், அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. தடித்த தந்தியை யாரோ எங்கோ ஒரு தரம் தொட்டுவிட்டுக் கையை எடுத்தது போல. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பக்கத்தில் இன்னொன்று. மீனா, ஊரி நத்தையா, என்னவோ. பெட்டிக்குள் அது வரவில்லை.

1848 இல் இங்கே வந்த எமர்சன் ரெனன்ற் துரை, ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற ஒலி போல என்று எழுதி வைத்திருப்பதை நான் நூலகத்தில் வாசித்திருந்தேன். அதை வயலின் மாமாவிடம் சொன்னேன். அவருடைய அம்மாவின் அலுமாரியில் கலியாணத்துக்கு வந்த வைன் கிளாஸ் ஆறு இருந்தது. அடுத்த ஞாயிறு அவருடைய வீட்டு மேசையில் ஆறையும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவுக்குத் தண்ணீர் விட்டு, நாலு பேரும் விரலை நனைத்துத் தேய்த்தோம். காதில் கேட்டதை விரலில் தேடினோம். பின்னேரம் நாலு மணிக்கு ஒருமுறை அது வந்தது. அம்மாவே வாசலில் வந்து நின்று, “அதுதான்” என்றார். நீ கேட்கிற மீன் பாட்டு அந்த மேசையில் பதிந்தது. ஒகாயோவுக்கும் அப்படித்தான் உண்மையை எழுதி அனுப்பினோம். உன் பின்குறிப்பையும் திருத்திவிடு.

அப்புறம் 90 வந்தது, போரும் திரும்ப வந்தது.

அதைப் பற்றி உன்னோடு நிறையக் கதைத்திருக்கிறேன், திரும்பவும் வேண்டாம். வீட்டை விட்டுப் போகும்போது அறுபதுக்கு மேற்பட்ட கசெற்றுகளைப் பிஸ்கட் தகரங்களில் போட்டு, பொலித்தீன் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனேன். வந்து தோண்டினபோது தகரம் கையோடு உதிர்ந்தது. ரேப் எல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஒன்றும் தப்பவில்லை. ஆகவே நீ மூலப்பிரதி கேட்டால் 90க்கு முந்தின எதற்கும் அப்படி ஒன்று இல்லை. உன்னிடம் இருக்கிற அந்தக் காலத்துக் கோப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒரு நண்பர் தனக்கென்று எடுத்து வைத்திருந்த கொப்பி.

காத்தான்குடி எங்களுக்குச் சில கிலோமீற்றர்தான். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைச் சுட்டுக் கொன்ற அந்த ஓகஸ்ட்டுக்குப் பிறகு அந்தச் சில கிலோமீற்றரைக் கடக்க ஒண்ணாமல் போனது. காக்கா வீட்டிலும் மரணம், எங்கள் பக்கத்திலும் மரணம். காக்கா என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ என்று எனக்குத் தெரியாது. நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கும் தெரியாது. போய்ச் சொல்லவும் வழியில்லை. இரண்டு பக்கமும் போய் வரக்கூடியவர் வயலின் மாமா ஒருவர்தான். ஒரு நாள் தச்சுப் பெட்டியோடு வந்தார். உளிகளுக்குக் கீழே ஒரு கசெற். காக்கா தந்துவிட்டது.

போட்டேன். பூட்டின கடைக்குள் இருந்து பதிந்திருக்கிறார். வெளியே தெருவில் சைக்கிள் போகிறது, யாரோ நடக்கிறார்கள், ஓர் ஆட்டுக்குட்டி. இருபத்தெட்டு நிமிஷம் அப்படியே. பக்கம் முடியப் போகிற நேரத்தில் காக்காவின் குரல்: “நான் சுகம். நீ?”

மறுபக்கத்தில் நான் பதிந்து அனுப்பினேன். என்ன பதிவது என்று தெரியவில்லை. நீ பிறந்து பத்து நாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். நாலாவது கோப்பில் அழுகிற பிள்ளை யார் என்று கேட்டாயே, நீதான். காக்கா அந்தக் கசெற்றின் காதை உடைத்து, யாரும் மேலே பதியாதபடி செய்து வைத்திருந்தார்.

அப்படி இரண்டு வருஷம் வயலின் மாமா கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ஒருமுறை காவலரணில் மறித்து, கசெற்றைப் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். அது கிளாஸ் தேய்த்த கசெற். நின்ற பொடியனுக்கு இருபது வயதுகூட இருக்காதாம். இது என்ன என்று கேட்க, மாமா சிங்களத்தில் “மாலு”, மீன், என்றிருக்கிறார். அவன் பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டானாம். பின்னால் வாகனங்கள் நிற்க நிற்கக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம்.

இனி, கடல்.

வயலின் மாமாவின் கசெற்றுகள் ஒன்றும் இல்லை. 2004 மார்கழி 26 சுனாமியோடு வீடும் இல்லை, அவரும் இல்லை. முந்தின நாள் நத்தாருக்கு நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் சாப்பிட்டோம், நீ மேசைக்குக் கீழே கேக்கை ஒளித்து வைத்துச் சாப்பிட்டாய். அவருடைய வயலின் எங்கேயாவது ஒதுங்கியிருக்குமோ என்று நானும் காக்காவும் டச்பார்க் கரையில் நாள்கணக்காக நடந்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்துக் காக்கா கடையின் பழைய பெட்டி ஒன்றைக் கிண்டும்போது 1987 கசெற் கிடைத்தது. மாமா தனியாக வாசித்தது, ஐந்தாவது கோப்பு. அது நேரே பதிந்ததல்ல, கொப்பி. அன்றைக்கு எங்களிடம் வயர் இருக்கவில்லை. மாமாவின் வீட்டு மேசையில் இரண்டு பெட்டியையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து, ஒன்றில் போட்டு மற்றதில் பதிந்தோம். யாரும் அசையக்கூடாது. அதனால் அதில் வயலின் மட்டும் இல்லை, அந்த அறையும் இருக்கிறது. பல்லி சொல்கிறது. பதினேழாவது நிமிஷத்தில் மாமாவின் அம்மா பறங்கிப் பாஷையில் சாப்பிடக் கூப்பிடுகிறார். மாமா பதில் சொல்லாமல் கதிரையை மெல்லச் சரிக்கிறார், அந்தக் கிறீச். இத்தனைக்கும் பின்னால் முதலிலிருந்து முடிவு வரைக்கும் ஓர் இரைச்சல். ரேப்பின் இரைச்சல் அதில் பாதி. மற்றப் பாதி டச்பார்க் கடல். யன்னலைத் திறந்து வைத்திருந்தோம், புழுக்கம்.

உன் நண்பரின் கணினிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கும். அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று நான் கேட்டதில் வயலின் வடிவாக, தனியாக, ஒரு வெறும் இடத்தில் நின்று வாசிக்கிறது. அம்மாவின் குரல் நீருக்குள்ளிருந்து வருவது போலத் தேய்ந்து கேட்கிறது. பல்லி இல்லை. மாமா அப்படித் தனியாக ஒருநாளும் வாசித்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில்தான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். பழைய கோப்பையே போடு, மகள். ஒரு சொட்டும் துடைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் இருக்கிற அவருடைய மகளோடும் கதைத்தேன், அவளும் பாட்டியின் குரல் வேண்டும் என்கிறாள்.

பெயர்களை வேறு தாளில் என் கையெழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஒகாயோ நண்பரின் பெயரும் சேர்த்து. அட்டையில் எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் போடு. என் பெயர் நடுவில் எங்கேயாவது இருக்கட்டும்.

இன்னொன்று. நீ கணக்குப் போட்டு அனுப்பியதில் இரண்டாம் பக்கம் முடிய இரண்டு நிமிஷம் மிஞ்சுகிறது. காக்கா அதைக் கேட்டதும் உடனே பிடித்துக்கொண்டார். அவருடைய கடை இப்போது போன் உறை விற்கிறது, மகன்தான் பார்க்கிறான். ஆனால் மிச்சத்தை வெறுமையாக விடக்கூடாது என்கிற வழக்கம் அவருக்கு மாறவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் உன்னுடையதைப் போடச் சொன்னார். குளிர் தொடங்கினால் உங்கள் வீட்டுச் சூடாக்கிக் குழாய் இரவில் ‘டிங், டிங்’ என்று அடிக்கிறது, நித்திரை இல்லை என்று போனில் சொன்னாயே, அதைப் பிடி. பக்கத்தில் நீ நடந்தால் நடக்கிற சத்தமும் விழட்டும், காக்கா அதைத்தான் தேடுவார்.

பார்சலில் குரவைக் கசெற்றும், நீ அழுதது இருக்கிற கசெற்றும், திருகாணி வைத்த வெறும் கசெற் இரண்டும் இருக்கின்றன. ஒரு ஆறுமூலைப் பென்சிலும் வைத்திருக்கிறேன். ரேப் சிக்கினால் மெசினை இழுக்காதே, பென்சிலைப் பல்லுக்குள் விட்டு மெல்லச் சுற்று.

அம்மா ஒடியல் மாவும் கருவாடும் வைக்கச் சொல்லி நிற்கிறார். கசெற்றில் மணம் ஏறும் என்று வேறு பார்சலாகப் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா